நல இலாகா நமக்குப் பகையா?

"வெல்பேர்காரர்கள் வந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்." இச்சொல் நம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக உலவி வருகின்றது. அடம்பிடிக்கும் குழந்தையை அடக்குவதற்கு முன்னாளில் பூச்சாண்டியைக் காட்டினர். பின்னர்ப் போலீஸ்காரரைக் காட்டினர். இப்பொழுது சமூக நல இலாகாவைக் காட்டுகின்றனர். முதியோருக்கும் உடற்குறையுடையோருக்கும் மாதந்தோறும் உதவிப் பணம் வழங்கும் அலுவலகம் என்ற அளவில் அதனை மதிக்கும் மக்களே, பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் அதனைப் பகையாகக் கருதுகின்றனர். இக்கருத்து சரிதானா என்பதனை இவ்வாண்டு மலரின் வாயிலாகப் பெற்றோருடன் சேர்ந்து ஆராய விழைகின்றோம்.

எம் எண்ணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம். நல இலாகா நமக்குப் பகையன்று. குடும்ப மானம் என்று பெயரிட்டு நாம் காக்கும் மௌனமே நம் பிள்ளைகளுக்குப் பெரும்பகை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விலாகா தோன்றிய வரலாற்றை நம் மக்களுள் அறிந்தோர் சிலரே. ஜப்பானியர் ஆட்சியின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை அமைக்கப்பட்டது. அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். காய்ச்சலாலும் காலராவாலும் பட்டினியாலும் அங்கே மாண்டவர் பல்லாயிரவர். கணவரை இழந்த பெண்களும், தந்தையின் முகத்தை மீண்டும் காணாத பிள்ளைகளும் லயங்களில் எஞ்சினர். போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் இந்நாட்டில் சமூக நல இலாகா நிறுவப்பட்டது. போரினால் சிதைந்த குடும்பங்களுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் கைகொடுப்பதே அதன் தொடக்கப் பணியாயிற்று. ஆகவே, நம்மைப் போன்றோரின் துயரத்தைத் துடைக்கப் பிறந்த ஓர் இலாகாவைக் கண்டு நாமே அஞ்சுவது முறையாகாது.

பிள்ளைகளைக் காக்கும் கடமையை நம் முன்னோர் அரசாங்கத்திடம் மட்டுமே விட்டுவிடவுமில்லை. தாய்மார் இருள் பிரியுமுன் பிரட்டுக்குச் சென்றபொழுது கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகை ஏற்றுக்கொண்டது. லயத்து வீடுகளின் பலகைச் சுவர்கள் மெலிந்தவை. ஒரு வீட்டில் பிள்ளை அலறினால் வரிசை முழுவதும் கேட்கும். "என்னடா அங்கே சத்தம்?" என்று குரல் கொடுக்க ஒரு பெரியம்மாவோ தாத்தாவோ இருந்தார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் நம் கெடா மாநிலத்திலேயே, பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தைச் சார்ந்த ஏ. எம். சாமி அவர்களின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளின் முன்னே தொழிலாளர்கள் மறியல் செய்தனர். கூலிப்பணம் கள்ளுக்கடைக்குச் சென்றால் பிள்ளையின் தட்டு வெறுந்தட்டாகும் என்பதனை அவர்கள் தம் வாழ்விலேயே கண்டிருந்தனர். ஒரு வீட்டுக் குடிகாரரின் செயலை அவ்வீட்டுக் காரியம் என்று ஒதுக்காமல், ஊரின் காரியமாகக் கருதிய மக்கள் அவர்கள்.

லயத்தில் எல்லாம் நலமாக இருந்தன என்று நாம் கூறவில்லை. அடியும் உதையும், குடியும் பசியும் அங்கும் இருந்தன. ஆயினும் கேட்பதற்குக் காதும், பார்ப்பதற்குக் கண்ணும் அங்கே இருந்தன. இன்று நிலைமை மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. நம் குடும்பங்கள் கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் பெயர்ந்தன. நம் மெர்கோங் வட்டாரத்திலும் தொழிற்சாலை வேலையை நம்பி வாழும் பெற்றோர் உளர். தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை என்றால், பிள்ளைக்குத் துணை பூட்டிய கதவும் கைத்தொலைபேசியுமே. கற்சுவர் வீட்டில் எழும் அழுகுரல் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை, கேட்டாலும், "நமக்கேன் வம்பு?" என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுகின்றனர். லயத்தின் காதும் கண்ணும் மறைந்த இடத்தில் எதனை வைக்கப் போகின்றோம் என்பதே இன்று நம்முன் நிற்கும் கேள்வி.

நாடு இதற்கு விடை காண முயன்ற வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1985இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், துன்புறுத்தப்பட்டதாக ஐயுறப்படும் குழந்தைகளைக் கவனிப்பதற்கென்று மருத்துவரும் நல அதிகாரியும் இணைந்த குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1990இல், மூன்று வயதும் நிரம்பாத நம்மினக் குழந்தையொன்று கொடுமைக்கு ஆளாகி உயிர் நீத்தது. நாடே கலங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு சிறுவர் பாதுகாப்புச் சட்டம், 1991 இயற்றப்பெற்றது. 1995இல் மலேசியா ஐக்கிய நாட்டு மன்றத்தின் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. பல சட்டங்களை ஒன்று திரட்டிய சிறுவர் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, 2002 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2016இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. ஒரு பச்சிளங் குழந்தையின் மரணத்தின் பின்னரே நாடு முழுமையாக விழித்தது என்பதனை நாம் மறத்தலாகாது. அக்குழந்தையின் அழுகுரல் முன்னரே எவர் காதிலும் விழவில்லையா என்று வினவாமல் இருக்கவும் இயலாது.

சட்டம் எதனைக் கொடுமை என்கின்றது? பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் சிறுவரே. தற்செயலாக அன்றி, பிறர் பலத்தைப் பயன்படுத்தியதால் பிள்ளையின் உடலில் கண்ணால் காணத்தக்க காயம் ஏற்படின் அது கொடுமையாகும். வெட்டுக்காயம், கன்றிய தழும்பு, எலும்பு முறிவு, சூடு, சுடுநீர்ப் புண், பல் இழத்தல், மயக்கமுறல் ஆகியவற்றைச் சட்டமே பெயர் கூறி எடுத்துரைக்கின்றது. உள்ளத்தில் ஏற்படும் காயமும் அதில் அடங்கும்: ஓயாத அச்சம், சோர்வு, எவரோடும் ஒட்டாது ஒதுங்குதல், வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை முதலியன அதன் அறிகுறிகள். பாலியல் கொடுமையும், உணவும் மருத்துவமும் கவனிப்பும் அளிக்காமல் கைவிடுதலும் குற்றங்களே. பிள்ளையைத் துன்புறுத்துவோருக்கும், காக்க வேண்டிய பொறுப்பிலிருந்து கொண்டே கைவிடுவோருக்கும் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைச் சிலர் இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவர். பழமொழி மாட்டைப் பற்றியது, பிள்ளையைப் பற்றியதன்று. கண்டிப்பு வேண்டாமென்று எந்த ஆசிரியரும் கூறமாட்டார். ஆயினும் கண்டிப்புக்கும் கொடுமைக்கும் இடையே உள்ள வேற்றுமையை அறிய ஒரு வழி உண்டு. கண்டிக்கப்பட்ட பிள்ளை தன் பிழையை நினைவில் வைத்திருக்கும். துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு நினைவில் நிற்பது அடி ஒன்றே. வகுப்பறையில் இவ்வேற்றுமை புலப்படும். எவரேனும் கையை உயர்த்தினாலே தலையைக் குனிந்து மறைத்துக்கொள்ளும் பிள்ளை, கொளுத்தும் வெயிலிலும் நீண்ட கைச்சட்டையைக் கழற்ற மறுக்கும் பிள்ளை, பள்ளி மணி அடித்த பின்னும் வீடு திரும்ப மனமின்றி நிற்கும் பிள்ளை, பாட வேளையில் பசியால் துவண்டு விழும் பிள்ளை: இவர்களின் முகம் எழுதப்படாத ஒரு கடிதம். அதனைப் படிக்கும் பொறுப்பு ஆசிரியருக்கும் உண்டு, அண்டை வீட்டாருக்கும் உண்டு.

இனி, நம் மக்கள் அஞ்சும் செய்திக்கு வருவோம். இலாகாவுக்குத் தகவல் சென்றால் நடப்பது யாது? முதலில் அதிகாரி விசாரிக்கின்றார், வீட்டைப் பார்க்கின்றார், பிள்ளையோடும் பெற்றோரோடும் உரையாடுகின்றார். தேவையெனில் மருத்துவரிடம் காட்டுகின்றார். பிள்ளை உண்மையிலேயே ஆபத்தில் உள்ளது என்று நம்பத்தக்க காரணம் இருந்தாலன்றி, அதனைத் தற்காலிகக் காவலில் எடுப்பதற்கில்லை. அவ்வாறு எடுத்த பின்னரும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் சிறுவர் நீதிமன்றத்தின்முன் நிறுத்துதல் வேண்டும். இறுதி முடிவு அதிகாரியுடையதன்று, நீதிமன்றத்துடையது. பெற்றோரிடம் உறுதிப் பத்திரம் பெற்றுக்கொண்டு பிள்ளையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். பாட்டியோ மாமனோ போன்ற தக்க உறவினரிடம் விடலாம். வளர்ப்புப் பெற்றோரிடமோ பாதுகாப்பு இல்லத்திலோ சேர்க்கலாம். இவ்வனைத்திலும் பிள்ளையின் நலமே முதன்மையாகக் கொள்ளப்படும். நம்மவர் எண்ணுவதுபோல், கதவைத் தட்டியவுடன் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் வழக்கம் சட்டத்தில் இல்லை.

தாய் அடிபடும் வீட்டில் பிள்ளை நலமாக வளர இயலாது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உடனடி ஆபத்திலுள்ள பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் நல அதிகாரியே ஏழு நாள் செல்லத்தக்க அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம். நள்ளிரவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே செல்வதென்று அறியாமல் நிற்கும் தாய்க்கு அது ஒரு கதவு. அக்கதவு இருப்பதனை அவள் அறிந்திருத்தல் வேண்டும்.

வறுமை காரணமாகப் பிள்ளையை வளர்க்க இயலாத குடும்பங்களும் உள்ளன. வறுமை குற்றமன்று. கணவரை இழந்தவரும், நோயுற்றவரும், வருமானம் குன்றியவரும் இலாகாவின் சிறுவர் உதவித் தொகைக்கு விண்ணப்பம் செய்யலாம். 2021இல் அத்தொகை, ஆறு வயதும் அதற்குட்பட்டும் உள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி என்றும், ஏழு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு 150 வெள்ளி என்றும் உயர்த்தப்பட்டது. தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறுமாதலால் மாவட்ட நல அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத குடும்பம் எந்த முகப்பிலும் தவிக்கும். ஆகவே பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்வதனை எக்காரணத்தாலும் தள்ளிப்போடலாகாது.

வேறு வழியின்றிப் பிள்ளையைத் தனியார் இல்லமொன்றில் சேர்க்க எண்ணுவோருக்கும் ஒரு சொல். பராமரிப்பு இல்லங்கள் 1993ஆம் ஆண்டின் சட்டப்படி நல இலாகாவில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 2024 செப்டம்பரில் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களிலிருந்து 402 சிறுவர்களைப் போலீசார் மீட்ட செய்தியை நாடறியும். அறம் என்ற பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பதிவுப் பத்திரத்தைக் காட்டுமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மானம் என்னும் தடையைப் பற்றியும் கூறியாக வேண்டும். "வெளியே சொன்னால் குடும்பப் பெயர் கெட்டுவிடும், நாளை பெண்ணுக்கு யார் மாலையிடுவார்?" என்று உறவினரே வாயை அடைக்கின்றனர். பாலியல் கொடுமையில் இவ்வாயடைப்பு மிகுதி. ஏனெனில் கொடுமை செய்தவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர், வீட்டுக்குப் பழகியவர். இங்கே சட்டம் தெளிவாக உள்ளது. 2017ஆம் ஆண்டின் சிறுவர் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருத்தலே ஒரு குற்றம். அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பிள்ளையைப் பற்றித் தகவல் தருவோரின் பெயர் வெளியிடப்படாதவாறும், துன்புற்ற பிள்ளையின் பெயரும் படமும் செய்தித்தாளில் வாராதவாறும் சிறுவர் சட்டம் காக்கின்றது. எனவே மானம் போய்விடும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை. குற்றம் செய்தவருக்கே மானக்கேடு. குழந்தைக்கு எவ்வித மானக்கேடும் இல்லை.

இலாகாவின் மீது மக்களுக்குள்ள மனக்குறைகள் அனைத்தும் பொய் என்றும் நாம் கூறவில்லை. தன் வீட்டுத் துயரத்தைத் தாய்மொழியில் கூற இயலாத மூதாட்டி, அதிகாரியின்முன் பாதியை விழுங்கிவிடுகின்றார். வேலை நாளில் விடுப்பெடுத்து அலுவலகத்துக்குச் செல்லும் தொழிலாளி ஒரு நாட் கூலியை இழக்கின்றார். பிள்ளையைப் பிரிந்த பெற்றோருக்கு, வழக்கின் அடுத்த படி யாது என்று பொறுமையோடு விளக்குவோர் தேவைப்படுகின்றனர். ஆதலால் இலாகாவிடம் நாம் வேண்டுவன மூன்று. தமிழறிந்த அதிகாரிகள் நம் வட்டாரத்திற்குக் கிடைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அதிகாரி வருகை தந்து மக்களோடு உரையாடுதல் வேண்டும். பிள்ளை தற்காலிகமாகப் பிரிக்கப்படும்பொழுது, இயன்றவரை அதன் மொழியும் உணவும் வழிபாடும் அறிந்த உறவினரிடமே விடப்படுதல் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. பிள்ளையின் நலத்திற்கு இன்றியமையாத தேவைகள்.

தமிழர் வாழும் பிற நாடுகளிலும் இவ்வழியே பின்பற்றப்படுகின்றது. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் துன்புறும் சிறுவர் 1098 என்னும் எண்ணை அழைக்கின்றனர். இலங்கையில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது; அங்கே எண் 1929. நம் நாட்டில் எண் 15999. அதன் பெயர் தாலியான் காசே, அதாவது அன்பின் தொலைபேசி. இரவும் பகலும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999. இவ்விரு எண்களையும் நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டுமாறு ஒவ்வொரு வீட்டையும் கேட்டுக்கொள்கின்றோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் சில சொற்கள். உங்கள் உடல் உங்களுடையது. எவரேனும் உங்களுக்கு வலியோ கூச்சமோ அச்சமோ தரும்படி நடந்துகொண்டு, "யாரிடமும் சொல்லாதே" என்றால், அதுதான் சொல்ல வேண்டிய செய்தி. அவர் உறவினராயினும், பெரியவராயினும், ஆசிரியரேயாயினும் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் இயலாவிடில் பாட்டியிடமோ அத்தையிடமோ சொல்லுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். முதலில் கேட்டவர் நம்பவில்லையெனில் இரண்டாமவரிடம் சொல்லுங்கள். அவரும் நம்பவில்லையெனில் மூன்றாமவரிடம் சொல்லுங்கள். நிகழ்ந்தது உங்கள் பிழையன்று. உங்கள் தோழனோ தோழியோ இவ்வாறு துன்புறுவதனை அறிந்து பெரியவரிடம் கூறினால் அது கோள் மூட்டுதல் ஆகாது; அது நட்பு.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உங்கள் பிள்ளையை நீங்கள் நேசிப்பதில் எவருக்கும் ஐயமில்லை. நாம் வேண்டுவது அடுத்த வீட்டுப் பிள்ளையையும் ஒருகண் பார்க்க வேண்டும் என்பதே. சுவருக்கு அப்பால் அழுகுரல் தொடர்ந்து கேட்டால் கதவைத் தட்டுங்கள். தட்ட அஞ்சினால் பள்ளியில் வந்து சொல்லுங்கள். அதற்கும் தயங்கினால் 15999ஐ அழையுங்கள். கூறியவர் பெயர் வெளியிடப்படாது. அழைப்பு தேவையற்றதாக முடிந்தால் ஓர் அதிகாரியின் ஒரு பிற்பகல் வீணாகும். அழையாமல் விட்டு அது தேவையானதாக இருந்திருந்தால், இழப்பை ஈடு செய்ய எந்த இலாகாவாலும் இயலாது.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்திற்கு மாவட்ட நல அதிகாரியை அழைக்க வேண்டுமென்று முன்மொழிகின்றோம். அன்று பெற்றோர் திரண்டு வருக. மனத்திலுள்ள ஐயங்களை அஞ்சாது கேட்குக. அவரை நம் பிள்ளைகளும் நேரில் கண்டு பழகட்டும். அதன்பின் நம் வீடுகளில் எவரும் அவரைக் காட்டிக் குழந்தையை அச்சுறுத்தமாட்டார் என்று நம்புகின்றோம்.